விரலைப் பார்த்தால் வீடு தெரியும்
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



கோடையில் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அதை விரட்டுமுன் விரல் நுனிகளைக் கவனியுங்கள். ஒவ்வொன்றிலும் வட்டமான தட்டு இருக்கும். அதன் ஈரப்பசைதான் சுவரிலும் இலையிலும் வழுக்காமல் பிடித்துக்கொள்ள உதவுகிறது. மெலிந்த நீண்ட கால்கள் கிளைவிட்டுக் கிளை தாவுவதற்கு.

நெல்வயலில் வாழும் பெருந்தவளைக்கு இந்தத் தட்டு கிடையாது. நீந்துவதற்கேற்ற சவ்வு அதன் பின்கால் விரல்களை இணைக்கிறது. மண்ணில் புதைந்து வாழும் குண்டுத் தவளைக்கோ பின்காலடியில் மண்வெட்டி போன்ற கெட்டியான மேடு உண்டு. ஆக, காலைப் பார்த்தே அது வாழும் இடத்தைச் சொல்லிவிடலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் மலபார் பறக்கும் தவளைக்கு நான்கு கால்களிலும் அகன்ற சவ்வு. உயர்ந்த கிளையிலிருந்து காற்றில் சறுக்கி இறங்க அது பயன்படுகிறது. ஆனைமுடியில் கண்டறியப்பட்டு 2010-ல் அறிவிக்கப்பட்ட செம்மஞ்சள் புதர்த்தவளைக்குக் கால்கள் மிகக் குட்டை. அது தரையோரக் குட்டை மூங்கில் தூர்களில் வாழ்கிறது.

புதர்த்தவளைகள் பல ஓர் அங்குல அளவே உள்ளவை. சிறு மண்கட்டி பெருங்கட்டிக்கு முன் உலர்வதுபோல், சிறிய உடலின் ஈரம் விரைவில் வற்றும். அதனால்தான் அவை நிழலையும் ஈரத்தையும் நாடுகின்றன.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? உடலே ஓரிடத்திற்கென்று அமைந்துவிட்டதால், அந்த இடம் அழிந்தால் மற்றோரிடத்தில் பிழைப்பது தவளைக்கு அரிது. ஆகவே மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள்.

ஒன்று: குளத்தோரச் செடியில் நீருக்கு மேலே வெண்ணுரைக் கூடு தெரிந்தால் பிடுங்காதீர்கள். அதனுள் மரத்தவளையின் முட்டைகள் இருக்கும். பொரித்த தலைப்பிரட்டைகள் கீழே நீரில் விழுந்து வளரும்.

இரண்டு: அந்த நீரில் மருந்து தெளிப்பானைக் கழுவாதீர்கள். தவளை தோல் வழியாகவே நீரை உறிஞ்சுவதால் நஞ்சும் எளிதில் உள்ளே போய்விடும்.

மூன்று: காப்பி, ஏலத் தோட்டங்களில் நிழல் மரங்களையும் சருகையும் அடியோடு அகற்றாதீர்கள். புதர்த்தவளைகள் பல நீரில் முட்டையிடுவதில்லை. ஈரச் சருகிலும் இலையிலும் இடுகின்றன. தலைப்பிரட்டையாகாமல் குட்டித் தவளையாகவே வெளிவருகின்றன. சருகு காய்ந்தால் முட்டையும் காய்ந்துவிடும்.

தவளை ஒன்றே பயிர்ப் பூச்சிகளை ஒழித்துவிடும் என்று நான் கூறவில்லை. ஆயினும் கூலி கேளாமல் இரவெல்லாம் பூச்சி பிடிக்கும் இந்தப் பண்ணையாளுக்கு, வரப்போரத்தில் நான்கு புதரை விட்டுவைப்பது நமக்கு இழப்பாகாது.