குவியலுக்குள் போன கை

 

உபவேந்தர் அவர்களே, பீடாதிபதிகளே, விரிவுரையாளர்களே, பிள்ளைகளைப் படிக்கவைத்து இங்கே வந்து அமர்ந்திருக்கும் வாப்பாமாரே, உம்மாமாரே, இன்று விஞ்ஞானப் பட்டம் பெறும் தம்பி தங்கைகளே,

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை எந்தக் கடைக்குள் ஏறினாலும் கண்ணாடி அலுமாரியில் நிற்கும் போத்தல்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கருஞ்சீரக எண்ணெய், தேன், மீனெண்ணெய்க் குளிசை, முருங்கையிலைத் தூள், ஜிம்முக்குப் போகும் தம்பிமார் வாங்கும் புரதத் தூள், கட்டாரிலிருந்து வரும் காக்கா பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் விற்றமின். நோயாளிகள் பலர் டொக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே தினமும் விழுங்கும் பொருள்கள் இவை.

போத்தலைக் கையில் எடுத்ததும் நம்மவர் கேட்கும் முதற் கேள்வி, 'ஹலாலா?' குளிசையின் கூடு எந்த மிருகத்தின் ஜெலற்றின் என்று கேட்கத் தெரிந்த சமூகம் இது. 2013இல் ஹலால் இலச்சினையை எதிர்த்து நாட்டில் பெரும் கூச்சல் எழுந்தது. அதுவரை சான்று கொடுத்துவந்த மார்க்க அறிஞர் அமைப்பான ஜம்இய்யதுல் உலமா அதிலிருந்து விலகியது. அடுத்த ஆண்டு அந்தப் பொறுப்பைத் தனியான ஒரு சபை ஏற்றது. நாம் கேள்வியை விடவில்லை. விற்பவரின் சொல் போதாது, வேறொருவர் பார்த்துச் சொல்லட்டும் என்ற பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. அதே பிடிவாதத்தோடு இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். லேபிளில் எழுதியது உள்ளே இருக்கிறதா? எழுதாதது ஏதும் உள்ளே இருக்கிறதா?

நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவத்தை மத்ரஸாவில் படித்திருப்பீர்கள். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது கை போன இடம். மேற்பரப்பில் தெரிந்ததை அவர்கள் எடுக்கவில்லை. வியாபாரி அள்ளி நீட்டிய பிடியையும் எடுக்கவில்லை. இன்று ஒரு கம்பனி தன் சரக்கில் தானே தெரிந்தெடுத்த போத்தலைத் தானே காசு கட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறது. நல்ல முடிவு வந்ததும் 'பரிசோதிக்கப்பட்டது' என்று எல்லாப் போத்தலிலும் அச்சடிக்கிறது. அந்தக் கடதாசி அந்த ஒரு போத்தலுக்கு மட்டுமே சாட்சி. சுயாதீனப் பரிசோதனை என்றால் சோதிப்பவரே வாடிக்கையாளரைப் போலக் கடையில் காசு கொடுத்து, வெவ்வேறு தொகுதி எண்களில் வாங்க வேண்டும்.

எழுதாதது உள்ளே இருந்தால் என்ன நடக்கும்? 2008இல் சிங்கப்பூர் ஆஸ்பத்திரிகளுக்கு ஆண்கள் மயங்கிய நிலையில் வரத் தொடங்கினார்கள். இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனால் அவர்களுக்குச் சீனி வருத்தம் இல்லை. சோதித்தபோது கிளிபென்கிளமைட் அகப்பட்டது, சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் மருந்து. அவர்கள் குடித்தவை ஆண்மைக்கென்று களவாக விற்கப்பட்ட குளிசைகள். சில மூலிகை என்ற பெயரில் வந்தவை. நூற்றுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், நால்வர் இறந்தார்கள். சபையில் இதைச் சொல்வது சங்கடம்தான். வெட்கத்தால் யாரும் பேசாத இடத்தில்தான் இந்த வியாபாரம் வளர்கிறது, அதனால் சொல்கிறேன்.

இனித் தேன். 2020 டிசம்பரில், டெல்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் இந்தியச் சந்தையில் விற்கும் 13 வகைத் தேன்களைச் சோதித்து முடிவை வெளியிட்டது. இந்தியச் சட்டம் கேட்கும் சோதனைகளைக் குஜராத்தில் செய்தபோது பெரும்பாலானவை தேறின. அதே தேன்களை ஜேர்மனிக்கு அனுப்பி அணுக்கருக் காந்தப் பரிவு முறையில் பார்த்தபோது, எல்லாச் சோதனைகளிலும் தேறியவை 3 மட்டுமே. கம்பனிகள் அதை மறுத்தன. பழைய சோதனை எப்படி ஏமாந்தது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்வீர்கள். கரும்பும் சோளமும் காபனைப் பிடிக்கும் விதம் வேறு, தேனீ போகும் பூச்செடிகள் பிடிக்கும் விதம் வேறு. அதனால் கரும்புச் சீனி கலந்த தேனைக் காபன் சமதானி விகிதம் காட்டிக்கொடுத்துவிடும். காபனைப் பிடிக்கும் விதத்தில் நெல், பூச்செடிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. அரிசியிலிருந்து செய்த பாகைக் கலந்தால் அந்தச் சோதனைக்குத் தெரியாது. நெல் விளையும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளால் இதை மறக்க முடியாது. ஒரு பொருள் 'தேறியது' என்று யாராவது சொன்னால், எந்தச் சோதனையில் என்று கேளுங்கள்.

புரதத் தூளிலும் இதே கதை. புரதத்தைக் கணக்கிடும் கெல்டால் முறை அதை நேரே அளப்பதில்லை. நைதரசனை அளந்து, வழக்கமாக 6.25ஆல் பெருக்குகிறது. நைதரசன் நிறைந்த எதைக் கொட்டினாலும் கணக்கில் புரதம் கூடும். 2008இல் சீனாவில் பாலில் மெலமைனைக் கலந்தவர்கள் இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். 6 குழந்தைகள் இறந்தன. 2024இல் கேரள வைத்தியர் ஒருவரும் கூட்டாளிகளும் கம்பனிக் காசு வாங்காமல், சொந்தச் செலவில் 36 புரதத் தூள்களைச் சோதித்து ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 70 சதவீதத்தில் லேபிள் சொன்ன புரத அளவு பிழை. சில பொருள்களில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சுமார் 14 சதவீதத்தில் பூஞ்சண நஞ்சான அஃப்ளடொக்சின் இருந்தது.

நம் நாட்டில் ஒரே போத்தல் மூன்று சட்டங்களுக்கு நடுவே நழுவலாம். உணவென்றால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், ஆயுர்வேதமென்றால் 1961ஆம் ஆண்டுச் சட்டம், உணவுக்கும் மருந்துக்கும் இடைப்பட்ட எல்லைக்கோட்டுப் பொருளென்றால் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஔடத அதிகாரசபை. சட்டம் இருந்தும் சோதனை பிந்தினால் என்ன ஆகும் என்பதை 2023இல் கண்டோம். அரச ஆஸ்பத்திரிகளுக்கு வந்த இம்யூனோகுளோபியூலின் ஊசிமருந்தை ஏற்றிய நோயாளிகளுக்கு ஒவ்வாமை வந்த பிறகுதான் குப்பிகள் ஆய்வுகூடத்துக்குப் போயின. மருந்து தரமற்றது என்று தெரியவந்தது. சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. உயிர்காக்கும் ஊசிமருந்துக்கே இந்த நிலை என்றால், அலுமாரியில் நிற்கும் தூள்களை யார் பார்த்திருப்பார்கள்?

மனம் சோர வேண்டாம். பங்களாதேஷில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர ஈயக் குரோமேற் பூசினார்கள். ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்துப் பகிரங்கமாகச் சொன்னார்கள், அதிகாரிகள் சந்தைக்கே போய்ச் சோதித்துத் தண்டம் விதித்தார்கள். 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021இல் ஒன்றிலும் இல்லை. இரண்டே வருடம்!

இந்த வேலையில் நீங்கள் இறங்கினால், உங்களுக்கு உபகரணத்தை விடப் பெரிய சோதனை ஊருக்குள் வரும். கடைக்காரர் மச்சானாக இருப்பார், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பார், உங்கள் படிப்புக்கு உதவியவராகவும் இருப்பார். அதனால் பெயர் தெரியாதபடி மாதிரிக்கு இலக்கமிட்டுவிட்டுச் சோதியுங்கள். 'கண்டறியப்படவில்லை' என்று எழுதினால் உங்கள் கருவி எவ்வளவு சிறிய அளவு வரை காணும் என்பதையும் கூடவே எழுதுங்கள். தேறியவற்றின் பெயரையும் வெளியிடுங்கள். ஒழுங்காக வியாபாரம் செய்பவருக்கு அது உரிமை.

பீடத்தின் சம்மாந்துறை ஆய்வுகூடத்தில் இவர்களுக்கு நேரம் தாருங்கள் என்று பீடாதிபதி அவர்களிடம் இந்தச் சபையிலேயே கேட்கிறேன். தம்பி தங்கைகளே, மருதமுனையிலிருந்து பொத்துவில் வரை கடை கடையாகத் தேனும் மஞ்சள் தூளும் கருஞ்சீரக எண்ணெயும் வாங்குங்கள். பற்றுச்சீட்டுகளைத் தொகுதி எண்ணோடு பத்திரமாக வைத்திருங்கள். முதல் வாங்கலுக்கான காசை நான் தருகிறேன்.