சிகிச்சை நடுவில் நின்றால்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினியர் என்றதும் பாலமோ கம்ப்யூட்டரோ பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது வேறு. மார்பகப் புற்றுநோய் உடம்பில் வேறு இடங்களுக்கும் பரவிய பிறகு எடுக்கும் சிகிச்சை நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது? கடையநல்லூரில் இருக்கும் என் அக்காவுக்கு 2019இல் நோய் எலும்புக்குப் பரவியது. அன்றிலிருந்து வீட்டில் ஃபைல் தூக்குகிற உத்தியோகம் எனக்கு.

பரவிய நோயை அடியோடு தீர்ப்பது அரிது. கட்டுக்குள் வைப்பதே நோக்கம். ஆகவே ஆறு மாதத்தில் முடிந்தது என்ற கணக்கு இதில் கிடையாது. மருந்து கேட்கிற வரை, உடம்பு தாங்குகிற வரை ஓடும். இவ்வளவு நீளமாக ஓடுவது எங்காவது நிற்கத்தானே செய்யும்?

மின்நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், ஷட்டவுன் வேறு, ட்ரிப் வேறு. முன்னது நாமாக நிறுத்துவது, பின்னது தானாக விழுவது. பால்போசிக்ளிப் மாத்திரையை 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விடுவார்கள். ரத்தத்தில் நியூட்ரோஃபில் அணுக்கள் 1,000க்குக் கீழே இறங்கினால் அடுத்த சுற்றைத் தள்ளிப்போடுவார்கள். இதெல்லாம் ஷட்டவுன், சிகிச்சையின் ஒரு பகுதி. ஆனால் நோயாளிக்கு அப்படித் தோன்றாது. "மருந்து ஓடிக்கிட்டு இருந்தா ஒரு தெம்பு தம்பி. நிப்பாட்டுனாத்தான் பயமா இருக்கு" என்பாள் அக்கா.

ட்ரிப் வந்தது 2020 மார்ச்சில். அக்காவுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ட்ராஸ்டுசுமாப் மருந்து. மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில் சிகிச்சை. ஊரடங்கில் ரயில் இல்லை, பஸ் இல்லை, புளியரையில் வழி அடைப்பு. மூன்று வாரம் ஐந்தாகிவிட்டது. இந்த மருந்தில் ஒரு வாரத்துக்கு மேல் தவணை தவறினால் வழக்கமான அளவு போதாது. கிலோவுக்கு 6 மில்லிகிராமுக்குப் பதில், முதல் தடவை கொடுத்த 8 மில்லிகிராமிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கடைசித் தவணையின் தேதி, உடல் எடை, இதயத்தின் எக்கோ ரிப்போர்ட், மூன்றும் ஃபைலில் இருந்ததால்தான் அக்காவை அதுவரை பார்த்திராத திருநெல்வேலி டாக்டர் ஒருவர் துணிந்து மருந்து ஏற்றினார்.

அதே மார்ச் 31ஆம் தேதி, கும்பகோணம் பக்கத்துக் கூலித்தொழிலாளி ஒருவர், வயது 65, புற்றுநோய்க்காரரான மனைவியைச் சைக்கிளில் உட்காரவைத்துச் சுமார் 120 கிலோமீட்டர் மிதித்துப் புதுச்சேரி ஜிப்மருக்குப் போனார். அங்கே சிகிச்சை கொடுத்து, ஒரு மாத மருந்தும் கொடுத்து, ஆம்புலன்ஸில் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். பத்திரிகைகள் அவரைப் புகழ்ந்தன. எனக்கு என்னவோ கோபம்தான் வந்தது. ஒரு மனுஷன் அப்படி மிதிக்க வேண்டிய நிலைமை ஏன் வர வேண்டும்?

2023 டிசம்பர் 17, 18இல் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் வெள்ளத்தில் தத்தளித்தபோது மறுபடி வழி அடைத்தது. அப்போதும் அக்காவுக்குத் தவணை. ஆனால் "எத்தனை நாள் வரை தள்ளலாம்?" என்று டாக்டரிடம் முன்பே கேட்டு, ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தோம். அதனால் வீட்டில் யாரும் பதறவில்லை. தண்ணீர் வடிந்ததும், கெடுவுக்குள் போய் வந்தோம்.

மாத்திரைக்காரர்களுக்கு ஒன்று. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் காய்ச்சல் கண்டால், காலையில் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

மாணவத் தம்பிகளே, உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால் அவருடைய ரிப்போர்ட்டுகளை உங்கள் செல்போனில் ஒழுங்காகப் படம் எடுத்துக் கொடுங்கள். அரை மணி நேர வேலை. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் முழுக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். டாக்டர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். அந்தப் படிவத்தின் நகல்கள் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டியவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் மண்டப வாசலில் என்னிடம் வாங்கிக்கொள்ளலாம்.