பேபி ஒஸ்ரினின் அடிச்சட்டம்

பழைய மோட்டார் வண்டி ஒன்றைப் பந்தயத்துக்கு ஆயத்தஞ் செய்ய விரும்பும் இளைஞன் முதலிற் கைவைப்பது எஞ்சினிலேயே. வேகம் அங்கிருந்து பிறக்கிறது என்பது அவன் எண்ணம். அது பிழையன்று, ஆயினும் அரைகுறையானது. எஞ்சின் தந்த வேகத்தை வளைவுகளிற் காப்பாற்றுவது, எவர் கண்ணுக்கும் படாமல் வண்டியின் அடியிற் கிடக்கும் சட்டமாகும். கராஜ்களில் ‘சசி’ என்று வழங்குவது இதனையே. அச்சட்டத்தின் உறுதியைச் சிறு செலவிற் கூட்டிய வரலாற்றை அறிய, இங்கிலாந்தின் ஒஸ்ரின் செவின் வண்டியைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இலங்கையிலும் ‘பேபி ஒஸ்ரின்’ என்ற செல்லப் பெயரால் அறியப்பட்ட அவ்வண்டி 1922 முதல் 1939 வரை செய்யப்பட்டது. எஞ்சினின் கொள்ளளவு 747 கன சென்ரிமீற்றர். ஒரு சிறு குடும்பத்தைக் குறைந்த செலவில் ஏற்றிச் செல்வதே அதற்கு விதிக்கப்பட்ட பணி. இரண்டாவது உலகப் போர் முடிந்தபின் இவ்வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. பணம் இல்லாத, ஆனால் பந்தய ஆசை மிகுந்த வாலிபர்கள் அவற்றை நாடினர். 1939இல் தோன்றிய 750 மோட்டார்க் கழகம் இத்தகையோருக்கெனவே ஒரு பந்தய வகையை வகுத்தது. தொடக்க கால விதிப்படி ஒஸ்ரின் செவினின் அடிச்சட்டத்தையே பயன்படுத்த வேண்டும். ஆகவே, உள்ளதைத் திருத்துவதன்றி வேறு வழியில்லை.

உள்ளதோ மிக எளிய பொருள். ஆங்கிலத்தின் ‘ஏ’ எழுத்தைப் போன்று, பின்னால் அகன்று முன்னால் ஒடுங்கும் இரண்டு நெடுஞ்சட்டங்கள். அவற்றை இணைக்கும் சில குறுக்குச் சட்டங்கள். ஒடுங்கிய முனையில் முன்சில்லுகளுக்கான தகட்டு வில் ஒன்று குறுக்காகப் பொருத்தப்பட்டிருக்கும். பின்வில்கள் நெடுஞ்சட்டங்களின் முனைகளிலிருந்து பின்னோக்கி நீண்டிருக்கும். நெடுஞ்சட்டம் முழுக் குழாயன்று. கவிழ்த்து வைத்த வாய்க்காலைப் போல மூன்று பக்கம் மூடி, அடிப்பக்கம் திறந்த மெல்லிய உருக்குத் தகடு.

அந்தத் திறந்த பக்கத்திலேதான் குறை முழுவதும் இருக்கிறது. முழு மூங்கிற் குழாயை இரு கைகளாலும் பற்றி முறுக்கினால் அது அசையாது. அதே மூங்கிலில் நெடுகிலும் ஒரு கீறல் விழுந்துவிட்டால், கீறலின் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று கடந்து வழுக்க, மூங்கில் எளிதாக முறுகும். பொருள் குறையவில்லை, மூடிய வடிவம் மட்டுமே கெட்டது. இதனைக் கணக்காகவும் காட்டலாம். 2 அங்குலப் பக்கமும் அங்குலத்திற் பத்திலொரு பங்கு தடிப்பும் உள்ள சதுர உருக்குக் குழாயை நீளவாட்டில் அறுத்துத் திறந்துவிட்டால், முறுக்கத்தைத் தாங்கும் அதன் விறைப்பு ஏறத்தாழ 300இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

சட்டம் முறுகினால் சாரதிக்கு வரும் கேடு யாது? வளைவில் வண்டி திரும்பும்போது பாரம் வெளிப்பக்கச் சில்லுகளின்மேற் சாய்கிறது. அச்சாய்வை முன்வில்லும் பின்வில்லும் எந்த அளவிற் பகிர்ந்து ஏற்கின்றன என்பதைப் பொறுத்தே வண்டியின் பிடி அமைகிறது. சட்டம் உறுதியாயின் அப்பங்கீட்டை வில்களை மாற்றித் திருத்தலாம். சட்டமே முறுகுமாயின், அதுவும் ஒரு வில்லாகிவிடுகிறது. அடக்குவதற்கு எந்த அதிர்வடக்கியும் இல்லாத வில். முன்பகுதி ஒன்று சொல்ல, பின்பகுதி வேறொன்று செய்யும். சில்லுகளின் கோணமும் நிலைகுலையும். அத்தகைய வண்டியின் எஞ்சினுக்கு மேலும் வலுவூட்டுவது சாரதியின் ஆபத்தைக் கூட்டுவதேயாகும்.

இதனைத் தெளிவாக உணர்ந்தவர்களுள் ஒருவர் கொலின் சப்மன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கட்டமைப்புப் பொறியியல் பயின்ற அவர், 1928ஆம் ஆண்டு ஒஸ்ரின் செவின் ஒன்றைக் காதலியின் பெற்றோருக்குரிய கராஜில் வைத்து 1948இல் திருத்தியமைத்தார். அதுவே முதலாவது லோட்டஸ். அலுமினியத் தகடு ஒட்டிய ஒட்டுப்பலகையால் உடலையும் குறுக்குச் சுவர்களையும் அமைத்து, சட்டத்தின் பாரத்தை உடலும் தாங்கும்படி செய்தார். மூடியில்லாத சப்பாத்துப் பெட்டி கையில் நெளிவதையும், மூடியை ஒட்டியவுடன் விறைத்து நிற்பதையும் கண்டவருக்கு இதன் சூட்சுமம் விளங்கும். 1951இல் வெளிவந்த மூன்றாவது லோட்டஸில் நெடுஞ்சட்டங்களின் திறந்த பக்கம் மூடப்பட்டது. குழாய்க் குறுக்குச் சட்டங்கள் சேர்ந்தன. எஞ்சினைச் சுற்றி முக்கோணங்களாலான குழாய்க் கட்டமைப்பும் எழுந்தது. அவ்வாண்டு 750 வகைப் பந்தயங்களில் அவ்வண்டி முன்னணியில் நின்றது. எஞ்சினின் உள்ளிழுக்கும் வழிகளை அவர் தந்திரமாகப் பிரித்ததையே பலர் பேசுவர்; கழகமும் அதனைத் தடுக்க விதியை மாற்றியது. ஆனால் சட்டத்தில் அவர் செய்த வேலை அதனினும் நீடித்த பாடம்.

இப்பணியில் இறங்குவோர் முதலிற் செய்ய வேண்டியது அளத்தல். சட்டத்தின் பின்முனையை அசையாமல் இறுக்கி, முன்முனையை நடுவில் மட்டும் தாங்கி, அதன் குறுக்கே ஒரு நீண்ட மரத்தைப் பிணைக்க வேண்டும். நடுவிலிருந்து 4 அடி தூரத்தில் 100 இறாத்தல் பாரத்தைத் தொங்கவிட்டால் முறுக்கு 400 இறாத்தல்-அடி. அதனால் சட்டம் 1 பாகை திரும்பினால், விறைப்பு பாகைக்கு 400 இறாத்தல்-அடி. ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் இதனை மீண்டும் அளந்தால், எந்த உருக்குத் துண்டு உழைக்கிறது, எது வெறும் பாரம் என்பது தெரிந்துவிடும். பெட்டியாக மூடியதால் முழுச் சட்டமும் 300 மடங்கு உறுதிப்படும் என்று எவரும் எதிர்பார்த்தல் ஆகாது. குறுக்குச் சட்டங்களும் மூட்டுகளும் தளர்ந்திருப்பின், நெடுஞ்சட்டத்தின் உறுதி அங்கேயே வீணாகும்.

காய்ச்சி இணைக்கும் வேலையிற் பொறுமை வேண்டும். பழைய உருக்கிலுள்ள துருவை முற்றாக நீக்கி, சட்டத்தைச் சமதளமான கனத்த தாங்கியிற் பூட்டி, ஒரு பக்கத்திற் சிறிதும் மறுபக்கத்திற் சிறிதுமாக இணைத்துவர வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டினால் சூட்டினாற் சட்டம் கோணும். கோணிய சட்டம் நெகிழ்ந்த சட்டத்தைவிடத் தொல்லையானது. கனத்த தகட்டைச் சட்டென ஓரிடத்தில் முடித்தால், அந்த விளிம்பிலேயே பிளவு பிறக்கும். ஆதலால் அதன் முனையைக் கூராக ஒடுக்கி முடிப்பர். மூடிய பெட்டிக்குள் ஈரம் தங்கித் துருவேறாமல் உட்பூச்சும் அவசியம்.

சட்டம் விறைத்தபின் பழைய வில்களை அப்படியே விட்டுவிடுவதும் தவறு. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் வில்கள் கடினமானவை. வீதியின் மேடுபள்ளத்திற் பாதியைச் சட்டமே நெளிந்து ஏற்றது. அந்த நெளிவை நீக்கியபின் வில்களை மென்மையாக்கி, நல்ல அதிர்வடக்கிகளைப் பூட்டினாலன்றிச் சில்லுகள் தரையைவிட்டுத் துள்ளும். பந்தயம் முடிந்ததும் மூட்டுகளைத் துடைத்து, விளக்கொளியில் மயிரிழைப் பிளவுகளைத் தேடுவதும் இவ்வேலையின் ஒரு பகுதியே. முதலிற் பார்க்க வேண்டிய இடம், பின்வில்கள் சட்டத்தைப் பற்றும் மூலை.