புல்வெளிக்கு வரும் பருந்துகள்

பெங்களூரில் இலைகள் பழுத்து உதிரும் கூதிர்ப் பருவத்தைத் தேடுபவர் ஏமாந்து போவார். செப்டம்பரும் அக்டோபரும் இந்நகரில் மழை மிகுந்த மாதங்கள். புல் ஓங்கி வளர்ந்து கதிர்விடும் காலம். ஆயினும் பருவ மாற்றத்தைப் பறவைகள் அறிவித்துவிடுகின்றன. முதலில் சாம்பல் வாலாட்டி ஓடைக்கரையில் தோன்றுகிறது. பழுப்புக் கீச்சான் வேலிமீது அமர்ந்து கரகரத்த குரலில் கத்துகிறது. இவற்றைத் தொடர்ந்து பூனைப்பருந்துகள் வந்து சேர்கின்றன.

இவற்றைக் காண விரும்புவோர் நகரின் வடமேற்கிலுள்ள ஹெசரகட்டாவுக்குச் செல்வது வழக்கம். காவிரியின் துணையாறான அர்க்காவதியின் குறுக்கே, பெங்களூருக்குக் குடிநீர் வழங்குவதற்காக 1894இல் அமைக்கப்பட்ட ஏரி அங்குள்ளது. ஏரியில் நீர் நிற்கும் ஆண்டுகளில் வாத்தினங்கள் வரும். ஆனால் ஏரியைவிட அரியது அதனை அடுத்துள்ள புல்வெளியே.

பூனைப்பருந்து மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து வருவது. சிறகுகளைச் சற்று மேல்நோக்கி விரித்து, புல் நுனிகளை உரசுவதுபோலத் தாழப் பறந்து இரை தேடும். எலி, சிறு பறவை ஆகியவற்றோடு வெட்டுக்கிளிகளையும் ஏராளமாகத் தின்பதால் உழவருக்கு அது நண்பன். பிற பருந்துகளைப்போல் அது மரக்கிளையில் இரவைக் கழிப்பதில்லை. உயரமான புல்லிடையே, தரையிலேயே கூட்டமாகத் தங்கும். புல் எரிக்கப்பட்டாலோ உழப்பட்டாலோ அதற்கு இரவில் தங்க இடமில்லை. மரக்கன்றுகள் நட்டாலும் விளைவு அதுவே! மரம் நடுதல் எங்கும் நற்பணியே என்று கருதும் அலுவலர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். வருவாய்த்துறைக் கணக்கில் ‘தரிசு’ என்னும் ஒரு சொல் எத்தனையோ புல்வெளிகளை அழித்துவிட்டது.

ஹெசரகட்டாவும் அந்நிலையை நெருங்கியதுண்டு. திரைப்பட நகர் அமைக்கும் யோசனைகூட அங்கு எழுந்தது. கால்நடைப் பராமரிப்புத் துறையின் வசம் மேய்ச்சல் நிலமாக இருந்ததால் ஒரு பகுதி பிழைத்தது. காப்பகமாக அறிவிக்கும் கோரிக்கையை மாநில வனவிலங்கு வாரியம் 2021இல் நிராகரித்தது. 2024 அக்டோபரில் 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புக்கு ஒப்புதல் அளித்தது. இடைப்பட்ட காலத்தில் பறவை ஆர்வலர்கள் ஆண்டுதோறும் எழுதி வைத்த குறிப்புகளே அவர்கள் வாதத்துக்குத் துணைநின்றன. பெங்களூரில் இப்பழக்கம் பழையது. பறவை நோக்குவோர் சங்கம் ஒன்று 1972லேயே அங்கு தொடங்கப்பட்டது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட விதிகளின்படி, இத்தகைய காப்பகத்தை அறிவிக்குமுன் உள்ளூர் மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும்; மேலாண்மைக் குழுவில் கிராம ஊராட்சிக்கும் இடமுண்டு. மாடு மேய்ப்போரைப் பகைத்துக்கொண்டு புல்வெளியைக் காக்க இயலாது.

ஆர்வலர்களுக்கும் கட்டுப்பாடு தேவை. நிழற்படத்திற்காகப் புல்மீது வாகனம் ஓட்டுவோர் எரிப்பவரைவிட எவ்வகையிலும் மேலானவர் அல்லர். நவம்பர் மாலையில் பருந்துகள் ஒவ்வொன்றாகத் தரையிறங்கும்போது மாணவர்கள் பாதையிலேயே நின்று எண்ணலாம். எண்ணிக்கையையும் நேரத்தையும் அன்றே குறித்துக்கொள்ளல் வேண்டும்.