விறுவிறுப்பான கதையும் இலக்கியமே
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்புவரை பயின்று, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன் நான். ஆராய்ச்சியுரை நிகழ்த்த வரவில்லை; வாசகன் என்னும் உரிமையோடு சில நூல்களைப் பரிந்துரைக்கவே நிற்கின்றேன்.

மர்மக் கதை, விஞ்ஞானக் கதை என்றாலே வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் பலர். முடிச்சு அவிழ்ந்த பின்னரும் மீண்டும் படிக்கத் தூண்டும் கதை இலக்கியமே என்பது என் துணிபு. 1891ஆம் ஆண்டில் வெளிவந்த சி. வி. இராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்ட வர்மா’, சதியும் மாறுவேடமும் யட்சிக் கதையும் நிறைந்த நாவல். மலையாளிகள் அதனை இலக்கியமாகவே போற்றுகின்றனர் அன்றோ?

தமிழில் மூன்று நூல்களைக் கூறுவேன். முதலாவது, 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. பெயருக்கு இரண்டே எழுத்து. பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி. அத்தகைய ஆட்சியில் ஜீனோ என்னும் இயந்திர நாய் நம்மைச் சிரிக்கவைக்கின்றது. நூலை மூடிய பின் அச்சம் எழுகின்றது. இரண்டாவது, ஜெயமோகனின் ‘விசும்பு’. மேனாட்டு விண்கலங்களை இரவல் வாங்காமல், நம் மருத்துவ மரபிலும் சிந்தனை மரபிலும் வேரூன்றிய விஞ்ஞானக் கதைகள் அதில் உள.

மூன்றாவது, சுதாகர் கஸ்தூரியின் ‘6174’. இலக்கங்கள் அனைத்தும் ஒன்றாக இராத ஒரு நான்கிலக்க எண்ணை எடுங்கள். இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழியுங்கள். விடையையும் அவ்வாறே செய்துவந்தால், ஏழு படிகளுக்குள் 6174 வரும். பள்ளி ஆசிரியர் கப்ரேகர் கண்ட விந்தை இது. இவ்வெண்ணைத் தலைப்பாகக் கொண்ட நாவலில் லெமூரியப் பழங்கதையும் அறிவியலும் பின்னிச் செல்கின்றன.

அன்பர்களே! நம் பிள்ளைகளுள் பலர் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமுமே பயில்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர், படிக்கத் திணறுகின்றனர். நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’, ஆ. மாதவனின் சாலைக் கடைத்தெருக் கதைகள் ஆகியன இந்நகரத்தையே காட்டுபவை. அவற்றைப் படிக்க ஆளில்லாமற் போகலாமா? அடுத்து என்ன நேரும் என்னும் ஆவலே எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையைப் பக்கம் புரட்டச் செய்யும். அந்த ஆவலைச் செம்மையான மொழியில் ஊட்டும் நூல்களையே நாம் தேர்ந்து கொடுத்தல் வேண்டும்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். இவற்றுள் ஒன்றையேனும் இவ்வாண்டு வாங்குங்கள். இரவுதோறும் சில பக்கங்களைப் பிள்ளையோடு உரக்கப் படியுங்கள். கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் நூலைத் தேடி எடுப்பது பிள்ளையின் கையாக இருக்கும்.