கௌதாரியும் ஒரு சிறுவனின் கேள்வியும்





ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கச்சான் காற்று ஊவா மலைகளைத் தாண்டி வறண்டு வீசுவதை நீங்கள் அறிவீர்கள். ஹாலிஎலவைச் சூழ்ந்த பத்தனைப் புல்வெளிகள் அப்போது வைக்கோலைப் போலக் காய்ந்து கிடக்கும். எவரோ ஒருவர் தீக்குச்சியைக் கிழித்துப் போடுவார். இரவில் மலைமீது செந்நிறக் கோடாகத் தீ ஊர்வதைப் பிள்ளைகள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அத்தகைய ஒரு நாளில் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும் வேளையில், பதின்மூன்று வயது மதிக்கத்தக்க மாணவன் ஒருவன் தன் தொப்பியை இரு கைகளாலும் ஏந்தியவாறு என்முன் வந்து நின்றான். தொப்பிக்குள் ஒரு கௌதாரி. எரிந்த புல்லிடையே கண்டெடுத்தானாம். சிறகோரம் கருகியிருந்தது, உயிர் இல்லை. “ஹஸ்ரத், இதைச் சாப்பிடலாமா?” என்று வினவினான்.

அறுக்கப்படாமல் செத்தது ஆகாது என்று கூறி அனுப்பிவிட்டேன். விடை சரியானதே. ஆயினும் அன்றிரவு என் மனம் ஆறவில்லை. அது என்ன பறவை, எவ்வாறு செத்தது என்று நான் ஒரு சொல்லும் கேட்கவில்லையே!

ஏறத்தாழ இதே கேள்வியை ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் பம்பாயில் ஒரு முஸ்லிம் சிறுவன் கேட்டான். 1896ஆம் ஆண்டு பிறந்த அச்சிறுவனின் பெயர் ஸாலிம் அலி. இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, மாமனார் அமீருத்தீன் தையப்ஜியின் அரவணைப்பில் வளர்ந்தவன். காற்றுத் துப்பாக்கியால் ஒரு நாள் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினான். அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருந்தது. வழக்கமான சிட்டாகத் தோன்றவில்லை. உண்ணலாமா என்ற ஐயம் எழவே மாமனாரிடம் கொண்டு சென்றான். மாமனார் வேட்டைப் பிரியர். எனினும் தமக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்திற்கு அவனை அனுப்பிவைத்தார். அங்கே மில்லார்ட் என்ற ஆங்கிலேயர், அது மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று இனங்கூறி, பேழை பேழையாகப் பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளையும் திறந்து காட்டினார்.

அன்று சங்கத்தின் படியேறிய சிறுவன், 1987இல் மறையும்வரை பறவைகளை விட்டு அகலவில்லை. டில்லன் ரிப்ளி என்ற அமெரிக்க அறிஞருடன் சேர்ந்து அவர் எழுதிய பத்துப் பாகக் கைநூலில் நமது இலங்கைத் தீவின் பறவைகளும் இடம்பெற்றுள்ளன. பெற்றோர்களே, அந்த மாமனார் என்னைப்போல ஒற்றை வரியில் பதில் சொல்லி அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

நமது நாட்டிலும் இத்தகைய சங்கம் உண்டு. அதன் வரலாறு நமது பதுளையோடு சற்றுத் தொடர்புடையது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகக் கூறப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். அவர் நினைவாக எழுந்த தேவாலயம் இன்றும் பதுளை நகரில் நிற்கிறது. வெள்ளைக்காரர் அக்காலத்தில் அதனை வீரமென்று போற்றினர். ஐம்பது ஆண்டுகள் செல்வதற்குள் வேட்டைக்காரர்களுக்கே அச்சம் பிறந்தது. 1894இல் அவர்களும் சேர்ந்தே வேட்டை விலங்குகளைக் காக்க ஒரு சங்கம் அமைத்தனர். வேட்டைக்கு விலங்கு மிஞ்ச வேண்டும் என்ற சுயநலமும் அதில் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அதுவே வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது. 1938இல் யால, வில்பத்து ஆகியன தேசிய பூங்காக்களானதில் அச்சங்கத்தின் உழைப்பு பெரிது. பறவைகளுக்கென்றே 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இன்னொரு குழு தோன்றியது. துப்பாக்கியின்றித் தொலைநோக்கியும் குறிப்பேடுமாகக் காடு செல்பவர்கள் அவர்கள்.

இனி அந்தக் கௌதாரிக்கு வருவோம். அது வர்ணக் கௌதாரி. இலங்கையில் அது எங்கும் வாழ்வதன்று. ஊவாவின் வறண்ட பத்தனைச் சரிவுகளும் அவற்றையடுத்த பகுதிகளுமே அதன் வீடு. நெடுந்தூரம் பறக்க விரும்பாது, ஓடி ஒளிந்துகொள்ளும். புல்லடியில், வெறுந்தரையில் முட்டையிடும். தீ வரும்போது தாய் பறந்து தப்பலாம். முட்டை எங்கே போகும்? புல் எரிந்து வெறுமையான சரிவின் மண்ணை அக்டோபர் மாத மழை அரித்துச் சென்று பதுளு ஓயாவில் சேர்க்கிறது. மலையடி ஊற்றுகள் வற்றுகின்றன. இளம்புல் துளிர்க்கும், மாடு மேயும் என்று தீ வைத்தவரின் மண் அது.

அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி அபூதாவூதில் உண்டு. பயணமொன்றில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டனர். தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ணுற்ற நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்தார்கள். அதே பயணத்தில் எரிக்கப்பட்ட ஓர் எறும்புப் புற்றையும் கண்டார்கள். நெருப்பால் வேதனை செய்யும் உரிமை நெருப்பின் இறைவனுக்கன்றி வேறெவருக்கும் இல்லை என்று எச்சரித்தார்கள். பறவையும் தீயும் ஒரே செய்தியில்! பலமுறை ஓதிக்கொடுத்திருக்கிறேன், எதிரே நிற்கும் மலையை நிமிர்ந்து பார்த்ததில்லை.

மறுநாள் அந்த மாணவனை அழைத்து இவற்றையெல்லாம் கூறினேன். கெட்டபோலைக் கையில் எடுக்கமாட்டேன் என்று தானாகவே சொன்னான். பின்னர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்படியானால் தீ வைத்தது யார், ஹஸ்ரத்?” என்று கேட்டான்.

நேயர்களே, அவன் வீட்டிலும் மாடுகள் உண்டு. என் சகோதரர் வீட்டிலும் உண்டு. அவனுக்கு நான் இன்னும் விடை கூறவில்லை. எங்கள் மஹல்லாவில் மாடு வளர்ப்போர் அனைவரையும் வருகின்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் தங்குமாறு கேட்டிருக்கிறேன். அந்த மாணவனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.