குணத்தைச் சொல்லும் முன் கடனைக் கேளுங்கள்

சமூகப்பணியில் பட்டம் பெறும் இளையோரே!

முதலாண்டில் படித்த உளவியல், தேர்வோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுப் படியேறும்போதுதான் அதற்கு வேலை தொடங்குகிறது.

கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். தறிக்காரர் குழியில் கால் வைத்து மிதிக்க, ஒரு பக்கக் கரையின் நாடாவை எறிய இன்னொரு ஆள் வேண்டும். பள்ளியில் இருக்க வேண்டிய பிள்ளைகள் வெகுகாலம் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முன்பணம் வாங்கிய வீட்டில் பிள்ளையின் உழைப்பே கடனுக்கு ஈடானது. "பெற்றோருக்குப் பொறுப்பில்லை" என்று ஊர் சொன்னது. மானியத்துக்கு எழுதிப் போடாதவரை, கூட்டத்துக்கு வராதவரை இன்றும் அதே சொல்லால் ஒதுக்கிவிடுகிறோம்.

அந்தச் சொல் ஏன் தவறு என்பதை ஓர் ஆய்வு காட்டுகிறது. ஆய்வாளர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலானோர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் செய்த ஆய்வு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. கரும்பு வெட்டுக்கு முன் கையில் காசு இருக்காது, நகை அடகில் இருக்கும். வெட்டு முடிந்தால் பணம் வரும். இரண்டு வேளையிலும் அதே விவசாயிக்குச் சிந்தனைச் சோதனை வைத்தார்கள். வெட்டும் நாள் ஆளுக்கு ஆள் மாறுவதால், பருவம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. முடை காலத்தில் அவர் தடுமாறினார். பணம் வந்தபின் தெளிவாகச் செய்தார். ஆள் ஒருவர்தான், மனத்தில் ஏறியிருந்த பாரம்தான் வேறு.

ஆகவே, ஒருவரின் குணத்துக்குப் பெயர் வைக்கும் முன் அவர் கடனைக் கேளுங்கள். விண்ணப்பத்தை நீட்டிவிட்டு வராதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். தவணை நெருக்கும் வாரத்தில் பெரிய முடிவு எதையும் கேட்காதீர்கள்.

பிள்ளையைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவதில் மட்டும் ஒரு நாளும் தயங்காதீர்கள். ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி பிள்ளையின் உழைப்பை ஈடாக்கி வாங்கிய கடனைத் திருப்பித் தர வேண்டியதே இல்லை. அதை அந்தத் தகப்பனுக்குப் புரியும்படி சொல்லுங்கள். அதிகாரியிடம் அவரோடு கூடவே போய் நில்லுங்கள். கடன் பயம் இறங்கினால்தான் பிள்ளையின் படிப்பைப் பற்றி அவரால் யோசிக்க முடியும். நீங்கள் கற்ற உளவியல் அங்கேதான் சமூகப்பணி ஆகிறது.